வீடு வாங்குவோர் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

விசாலமான வீடும், நல்ல அண்டை வீட்டாரும், வசதியான வாகனமும் ஒரு மனிதனுக்கு வாய்க்கும் நற்பேறுகளில் உள்ளவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். இம்மூன்றும் ஒருங்கே சொல்லப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். பிழைப்பு ஓர் ஊரிலும் குடியிருப்பு வேறோர் ஊரிலுமாக வாழும் இக்காலத்தவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கின்றது. வீட்டை மட்டும் பார்த்துவிட்டு அண்டை வீட்டாரையும் வழிப் பயணத்தையும் பாராமல் விட்டவர் மூன்றில் ஒன்றைத்தான் பார்த்திருக்கின்றார்.

சென்னையில் தொழில் செய்யும் நம் சகோதரர்களில் பலர் நகருக்குள் வீடு வாங்க வசதியின்றிச் செங்கற்பட்டுப் பக்கம் செல்கின்றனர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் பின்னர் செங்கற்பட்டு வரை நீண்டது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ரயில் நிற்கும் இடமெல்லாம் மனைகளும் வீடுகளும் பெருகியிருக்கின்றன. காலையில் ரயிலேறி இரவில் வீடு திரும்பும் குடும்பத் தலைவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோ செய்யும் கொள்முதல் இது. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்க்கும் நாம், வீடு வாங்கும்போது ஷரீஅத்தின் சொத்தையைப் பார்க்க மறந்துவிடுகின்றோம். ஆகவே இன்றியமையாத சில மஸ்அலாக்களை இங்கே வரிசையாக எழுதுகின்றோம்.

விற்பவருடையதுதானா அந்த வீடு?

தனக்கு உடைமையில்லாததை விற்பது செல்லாது. வீட்டு விஷயத்தில் இவ்விதி மிகுதியாக மீறப்படுவது வாரிசுச் சொத்தில்தான். தகப்பனார் மௌத்தாகிவிடுகின்றார். ஆண் மக்கள் இருவரும் சேர்ந்து வீட்டை விலை பேசுகின்றனர். கட்டிக்கொடுத்த சகோதரிக்கு ஒரு மகனுக்குரியதில் பாதி என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் பங்கு வகுத்திருக்கின்றது. தாயார் உயிரோடிருந்தால் அவருக்கு எட்டில் ஒன்று. இவர்களுடைய பாகத்தை இவர்கள் சம்மதமின்றி விற்க அண்ணன் தம்பிகளுக்கு உரிமையில்லை.

"விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று" என்று விற்பவர் சொல்லலாம். சட்டத்துக்கு அது போதும். அல்லாஹ்வின் முன்னிலையில் அது போதுமா? பங்கைப் பணமாகப் பெற்றுக்கொண்டோ, மனமுவந்து விட்டுக்கொடுத்தோ போட்ட கையெழுத்தாயிருந்தால் சரி. "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே, இன்னும் கேட்டால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்" என்று அச்சுறுத்தி வாங்கிய கையெழுத்து மனமுவந்த விட்டுக்கொடுத்தல் ஆகாது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக அபகரித்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கை ஹதீஸில் வந்துள்ளது. வாங்குகின்றவர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதிலுள்ள பெண்மக்களைத் தம் வீட்டுப் பெண்கள் மூலமாவது நேரில் விசாரித்து, அவர்கள் பணம் பெற்றார்களா என்று தெரிந்துகொள்வதே பேணுதலாகும். அதனால் கிரயம் ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும்.

அடுத்து, வக்ஃபு சொத்து. வக்ஃபு செய்யப்பட்டதை விற்பதும் வாங்குவதும் ஷரீஅத்தில் செல்லாது. வக்ஃபுச் சட்டத்திலும் 2013-இல் செய்யப்பட்ட திருத்தம் அத்தகைய விற்பனையைத் தடை செய்தது. புறநகரில் வயலாயிருந்து மனையான இடங்களில் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் எழுதிவைத்த நிலங்கள் கலந்திருக்கக்கூடும். மூலப்பத்திரத்தைப் பழைய காலம் வரை பின்னோக்கிப் படிக்கவும், வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்க்கவும், பட்டா யார் பெயரில் உள்ளது என்று தாலுகா அலுவலகத்தில் ஒப்பிடவும் வேண்டும். மனையாயிருந்தால் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்து, அதன்பின் வரன்முறைத் திட்டம் வந்த வரலாற்றைப் பலர் கைப்பணத்தைக் கொடுத்து அறிந்தனர்.

அச்சாரமும் விலையும்

அச்சாரம் கொடுத்தபின் வாங்குகின்றவர் பின்வாங்கினால், அப்பணம் விற்பவருக்கே என்று ஒப்பந்தம் எழுதுவது வழக்கமாயிருக்கின்றது. ஷாஃபியீ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இது கூடாது. ஹன்பலீ மத்ஹபில்தான் இதற்கு இடமுண்டு. ஆகவே நம் மத்ஹபுகளைப் பின்பற்றும் ஒருவர், வியாபாரம் முறிந்தபின் பிறருடைய அச்சாரத்தை விழுங்கிவிட்டு "ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று சொல்லி நிம்மதியாயிருக்க முடியாது.

கிரயப் பத்திரத்தில் உண்மையான விலையை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக மொத்தம் 9 சதவீதம் ஆகின்றது. நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். இதற்கஞ்சிப் பாதி விலையை எழுதி மீதியைப் பையில் வைத்துக் கொடுப்பது பொய் சாட்சியத்தோடு சேர்ந்த செயலாகும். மேலும், அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கின்றது. நாளை கிரயம் ரத்தானால் எழுதாத பணத்துக்கு ஆதாரம் ஏது? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் ஏவியிருப்பது நம்முடைய நன்மைக்கே. வாங்கப் போகின்றவர், சேமிப்பைக் கணக்கிடும்போதே இந்த 9 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுப்போர், அளவு, பொருள், தளம், ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அறியாமை கலந்த வியாபாரம் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இது நமக்கொரு பாதுகாப்பு.

குறையை மறைத்து விற்பது மோசடி. ஏரிகளும் தாழ்நிலங்களும் நிறைந்த அப்பகுதியில் மழைநீர் நிற்கும் மனையைக் கோடையில் காட்டி விற்போர் உண்டு. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கலாகாது. மறைக்கப்பட்ட பழைய குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையுண்டு. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். விற்பவர் முஸ்லிமாயிருந்தால், கேளாமலே சொல்வது அவர்மீது கடமை.

வட்டி என்னும் பெரும் சோதனை

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகின்றோம். "வீட்டுக்கடன் வாங்கலாமா?"

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடில்லை. வட்டியை விடாதவருக்கு அல்லாஹ்வும் அவன் ரஸூலும் போர் அறிவித்ததாக அல்பகராவின் 279-ஆம் வசனம் எச்சரிக்கின்றது. முப்பது லட்ச ரூபாயை எட்டரை சதவீத வட்டிக்கு இருபதாண்டுத் தவணையில் வாங்குவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் சுமார் 26,035 ரூபாய். இருபதாண்டில் கட்டுவது 62 லட்சத்து 48 ஆயிரத்துக்கும் மேல். ஒரு வீட்டை வாங்க இரண்டு வீட்டுக்குரிய பணம் போகின்றது. முதல் பல ஆண்டுகளில் கட்டும் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே கழிகின்றது.

"ஐரோப்பாவில் அனுமதித்திருக்கிறார்களே" என்று சிலர் கேட்கின்றனர். 1999-இல் ஃபத்வாவுக்கான ஐரோப்பியக் கவுன்சில், வேறு வழியே இல்லாத அங்குள்ள முஸ்லிம்கள் தாம் குடியிருக்கும் ஒரு வீட்டுக்காக மட்டும் என்று பல நிபந்தனைகளோடு கூறியது உண்மையே. அதனையும் உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கும் ஊரில், சொந்த வீடு வேண்டும் என்ற ஆசையை நிர்ப்பந்தம் என்று பெயரிட்டு அழைக்க முடியாது.

நம் நாட்டில் வட்டியில்லா வங்கி இல்லை. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு அதற்குப் பரிந்துரை செய்தது. ஆனால் அதனை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்திருப்பது 2017-இல் தெரியவந்தது. அப்படியானால் வழி என்ன? மூன்றைச் சொல்கின்றோம்.

ஒன்று, தவணைக் கிரயம். விற்பவரே "ரொக்கமென்றால் முப்பது லட்சம், ஐந்தாண்டுத் தவணையென்றால் முப்பத்தாறு லட்சம்" என்று சொல்லி, இருவரும் பிரிவதற்குமுன் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டால் அது ஆகுமான வியாபாரம். முடிவு செய்யாமல் பிரிந்தால் கூடாது. தவணை தாமதமானால் அபராதம் என்று கூட்டினால், அக்கூடுதல் வட்டியாகிவிடும்.

இரண்டு, குறைந்துவரும் கூட்டு. சொந்தக்காரர் ஒருவரோடு சேர்ந்து முப்பது லட்ச ரூபாய் வீட்டை வாங்குகின்றீர். உமது பணம் பத்து, அவரது பணம் இருபது. வீட்டின் நியாயமான வாடகை மாதம் 12,000 ரூபாய் என்றால், அவருடைய மூன்றில் இரண்டு பாகத்துக்கு 8,000 கொடுத்துக் குடியிருக்கலாம். பின்னர் அவரிடமிருந்து இன்னொரு பாகத்தை வாங்கிவிட்டால் 4,000 கொடுத்தால் போதும். முழுவதும் வாங்கியதும் வாடகை இல்லை. இதில் வீட்டுக்குச் சேதம் வந்தால் இருவரும் தத்தம் பாகத்துக்கேற்பத் தாங்க வேண்டும். அதுவே இதனை வட்டியிலிருந்து பிரிப்பது. வெளிநாட்டில் சம்பாதிக்கும் சகோதரரும் சென்னையில் வேலை பார்க்கும் தம்பியும் இவ்விதம் செய்துகொண்டால் இருவருக்கும் ஹலாலான பலன் உண்டு.

மூன்று, அழகிய கடன். ஒரு குடும்பத்தில் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு லட்சம் தந்தால் இருபது லட்சம். நம்மவர்கள் திருமண விருந்துக்கு இதைவிட அதிகம் செலவிடுகின்றனர். ஏலச்சீட்டில் தள்ளுபடி போட்டு எடுப்பது இதில் சேராது. தள்ளுபடியின்றிக் குலுக்கி எடுத்து எல்லோரும் சமமாகக் கட்டிச் சமமாகப் பெறும் சீட்டு ஆகுமானது.

ஒத்தி என்றும் போக்கியம் என்றும் லட்சக்கணக்கில் மொத்தப் பணம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுப்பணத்தையும் திரும்பப் பெறுவது நம் வீடுகளில் மலிந்திருக்கின்றது. கொடுத்த பணம் கடன். அக்கடனால் கிடைக்கும் இலவசக் குடியிருப்பு அதன் ஆதாயம். கடனுக்கு நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டியின் வகையைச் சார்ந்தது. நியாயமான வாடகை பேசிக் கொடுத்து, முன்பணத்தை அளவோடு வைத்துக்கொள்வதே தூய வழி.

ஏற்கனவே வங்கிக் கடனில் வீடு வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. தௌபாச் செய்யுங்கள். கையில் வரும் உபரியைக் கொண்டு கடனைச் சீக்கிரம் அடையுங்கள். அவ்வீட்டில் தொழுவது கூடாது என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். வட்டி கொடுத்தது பாவம். வீடு உங்கள் உடைமையே, அதில் தொழும் தொழுகையும் நிறைவேறும்.

மனைவியின் நகை

தாய்மார்களே! இப்பகுதி உங்களுக்காக. வீடு வாங்கும்போது பணம் குறைந்தால் முதலில் கழன்று வருவது உங்கள் வளையல்தான். மஹராக வந்ததும், பிறந்த வீட்டார் உங்களுக்கே என்று கொடுத்ததும் உங்கள் உடைமை. கணவருக்கு அதில் பாத்தியதை கிடையாது. கொடுப்பதில் தவறில்லை, நன்மையே. ஆனால் என்னவாகக் கொடுக்கின்றீர்கள் என்பது தெளிவாயிருக்க வேண்டும். அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா?

முப்பத்தாறு லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒன்பது லட்ச ரூபாய் உங்கள் நகையால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்பளிப்பென்றால் முழு வீடும் கணவருடையது. அவர் மௌத்தாகிப் பிள்ளைகளும் இருந்தால் உங்களுக்குரியது எட்டில் ஒன்று, அதாவது நாலரை லட்சம். கொடுத்ததில் பாதிதான் திரும்புகின்றது. பங்கு என்றால் நாலில் ஒரு பாகமான ஒன்பது லட்சம் முதலிலேயே உங்களுடையது. மீதி இருபத்தேழு லட்சத்தில் எட்டில் ஒன்று 3,37,500 ரூபாய். ஆக மொத்தம் 12,37,500 ரூபாய். கடன் என்றாலும் வாரிசுப் பங்கீட்டுக்குமுன் கடன் தீர்க்கப்படுவதால் இதே தொகைதான். ஆனால் வீட்டின் விலை இரு மடங்கானால் கடன் ஒன்பது லட்சமாகவே நிற்கும், பங்கு பதினெட்டு லட்சமாக வளரும். ஒன்றும் பேசாமல் விட்டுவிட்டால், கணவர் மௌத்தானபின் பிள்ளைகளும் மாமனாரும் மாமியாரும் இருக்கும் சபையில் ஒரு விதவை தன் வளையலுக்காக வாதாட வேண்டிய நிலை வரும். கணவர்மார்களே! ஒரு தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் இந்த அவமானத்திலிருந்து உங்கள் மனைவியைக் காத்தவராவீர்கள். பங்கானால் கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரையும் சேர்ப்பது மேலானது.

பத்திரத்தை மனைவி பெயரில் எழுதுவோரும் நிய்யத்தைத் தெளிவாக்க வேண்டும். பெண்கள் பெயரில் பதியும் பத்து லட்ச ரூபாய் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு. சலுகைக்காக மட்டும் எழுதிவிட்டு, அன்பளிப்பா இல்லையா என்று சொல்லாமல் மௌத்தாகிவிட்டால் வாரிசுகளுக்குள் வழக்கு மூளும்.

ரயிலும் தொழுகையும்

செங்கற்பட்டிலிருந்து எழும்பூர் 56 கிலோமீட்டர். கஸ்ராகச் சுருக்கித் தொழுவதற்குரிய தூரத்தை இக்கால அளவில் இரு மத்ஹபினரும் 80 கிலோமீட்டரை ஒட்டிக் கணக்கிடுகின்றனர். ஆகவே இத்தினசரிப் பயணத்தில் கஸ்ரும் இல்லை, ஜம்உம் இல்லை. நான்கு ரக்அத் நான்காகவே தொழ வேண்டும்.

இதில் ஆபத்துக்குள்ளாவது மஃரிப். நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் 5-40 மணியளவில் மறைகின்றது. செவ்வானம் மறைய ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். எழும்பூரில் ஐந்தரை மணி வண்டியில் ஏறினால் வக்து நுழைவதும் முடிவதும் ரயிலுக்குள்ளேயே! நெரிசலில் நிற்கவே இடமில்லை, கிப்லாவை எங்கே தேடுவது? இருபதாண்டு இப்படிப் போய்வந்தால் களாவான மஃரிபு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று, மஃரிபைத் தொழுதுவிட்டு அடுத்த வண்டியில் ஏறுங்கள். அல்லது உளூவோடு புறப்பட்டுத் தாம்பரத்தில் இறங்கித் தொழுதுவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள். அரைமணி நேரம் தாமதமாகும், அவ்வளவே. வீடு பார்க்கப் போகும்போதே, வேலை நாளில் மாலை வண்டியில் ஒரு முறை போய்ப் பார்த்து, இதற்கு நம்மால் முடியுமா என்று முடிவு செய்வது நல்லது.

ஜும்ஆவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஷாஃபியீ மத்ஹபில் அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் ஜும்ஆவுக்கு வேண்டும். ஹனஃபீயில் இமாமைத் தவிர மூவர் போதும். புதிய மனைப்பிரிவில் ஐம்பது முஸ்லிம் வீடுகள் இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆண்களெல்லாம் சென்னையில் இருந்தால் நாற்பது தேறுமா? எனவே ஷாஃபியீ மஹல்லாவில் புதிதாக ஜும்ஆ தொடங்குமுன் இதனை எண்ணிப் பார்த்து, தேறாதவரை அருகிலுள்ள பழைய ஜும்ஆப் பள்ளிக்கே செல்ல வேண்டும்.

மதீனாவில் பனூ ஸலிமா கோத்திரத்தார் தூரத்திலிருந்து பள்ளிக்கருகே குடிமாற விரும்பினர். இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் நன்மையாக எழுதப்படும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தருளினார்கள். தூரம் நன்மையைக் குறைப்பதில்லை. பள்ளியோடுள்ள தொடர்பு அறுவதே நஷ்டம். குடிபோனதும் அம்மஹல்லா ஜமாஅத்தில் பெயர் பதிந்து சந்தா செலுத்துங்கள். பிள்ளைகள் ஓத மதரஸா எவ்வளவு தூரம், மையவாடி எங்கே என்று கேட்டு வையுங்கள். நிக்காஹ் தஃப்தரும் ஜனாஸாவும் வரும் நாளில் ஜமாஅத்தைத் தேடி ஓடுவது சங்கடம்.

ஜகாத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றோம். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வீடு வாங்கவென்று சேர்த்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத் உண்டு. விற்று இலாபம் பெறும் எண்ணத்துடன் வாங்கிய மனைக்கு ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலையில் நாற்பதில் ஒன்று கொடுக்க வேண்டும். ரயிலடியில் மனை வாங்கிப் போட்டு விலையேறக் காத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

பிறர் பங்கு கலவாத, வட்டி தீண்டாத, தொழுகையை விழுங்காத வீடு சிறியதாயிருந்தாலும் விசாலமானதே. வாடகை வீட்டிலேயே காலம் கழிந்தாலும் அப்படிப்பட்டவருக்குக் குறையொன்றுமில்லை. ஹலாலான இல்லத்தையும், அதில் நிம்மதியையும், நல்ல அண்டை வீட்டாரையும் வல்ல ரஹ்மான் நம் யாவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.